கப்பலில் வந்துகொண்டிருந்த விடை

என் வாழ்நாளில் என்னை அதிகமாகக் குதிக்க வைத்த கணக்கு ஒன்று உண்டு. அதை நான் போட உட்கார்ந்தபோதே அதன் விடை அமெரிக்காவில் அச்சாகி, உறைக்குள் கட்டப்பட்டு, ஏதோ ஒரு கப்பலில் சென்னையை நோக்கிக் கிளம்பியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் நான் கண்டுபிடித்துவிட வேண்டும். கப்பல் முந்துமா, நான் முந்துவேனா என்பதுதான் அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் பேச்சு.

அறுபதுகளின் கடைசி அது. நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் சந்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கல்மண்டபத்தில் விற்பாள். அண்ணன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினான். கப்பலின் அடியிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் வைக்கிற இயந்திரம் அது. அவர்கள் இருவரும் சேர்ந்துதான் என்னைப் படிக்க வைத்தார்கள். அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது என்பதும் உண்மை.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் இடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. அதற்கு இரண்டு பேர் போட்டி: நானும், என் வகுப்பில் படித்த இன்னொரு மாணவரும். ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துத் தேர்வாளர்கள் முன்னால் பேச வேண்டும், யார் பேச்சு நிற்கிறதோ அவருக்கு இடம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் இறால் உரித்துக்கொண்டே கேட்டாள். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவருக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல இடம், நல்ல பையன், குடி கிடையாது. அம்மாவுக்கு அந்த மூன்றாவது தகுதி ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"தபாரு, சீட்டு கெடச்சா படி. கெடைக்கலன்னா எண்ணூருக்குக் கழுத்த நீட்டு. நடுவுல பேஜாரு பண்ணிக்கினு நிக்கக் கூடாது."

"சரிம்மா."

"மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எண்ணூர்க்காரர்களுக்கும் நான் பேசுகிற நாளிலேயே பதில் சொல்வதாக ஆள் அனுப்பிவிட்டாள்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பேராசிரியருக்கு அமெரிக்காவிலிருந்த நண்பர் ஒருவர் விமானத் தபாலில் கடிதம் போட்டிருந்தார். அதில் பேச்சோடு பேச்சாக நான்கு வரி: இங்கே இரண்டு பேர் ஒரு விசையைக் கணக்கிட்டிருக்கிறார்கள், இரண்டு எலெக்ட்ரான்கள் தங்களுக்குள் நியூட்ரினோக்களைப் பரிமாறிக்கொள்வதால் பிறக்கிற விசை, அணுக்கருவைத் தாண்டியும் வெகு தொலைவு நீள்கிறது, கட்டுரை அச்சாகிவிட்டது. அவ்வளவுதான். சூத்திரமும் இல்லை, எண்ணும் இல்லை. அந்த இதழ் எங்கள் நூலகத்துக்குக் கப்பல் தபாலில்தான் வரும். சூயஸ் கால்வாய் போரில் அடைபட்டுக் கிடந்த காலம் என்பதால் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தன.

"இதழ் வர்றதுக்குள்ள யாராவது போட்டுப் பாருங்களேன்" என்று பேராசிரியர் துறைக் கூட்டம் ஒன்றில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் எழுந்து நின்று "நான் போடறேன் சார்" என்றேன்.

நியூட்ரினோ எனக்குப் புதிதல்ல. சில வருஷங்களுக்கு முன்பு கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் அதன் தடயத்தைப் பிடித்த செய்தி வந்தபோது எங்கள் சந்தே அதைப் பேசியது. சந்தில் பாதிப் பேருக்குத் தங்கவயலில் சொந்தக்காரர்கள். "தங்கம் தீந்து போச்சின்னு இப்ப இதத் தோண்டறானுங்களா?" என்று கேட்டார்கள். ஆனால் அதுவரை நியூட்ரினோ என்றால் எதிலும் ஒட்டாமல் போகிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அது இரண்டு துகள்களுக்கு நடுவே போய் வந்து ஒரு விசையை உண்டாக்குகிறது என்பதைக் கேட்டதும், ஊரில் யாரோடும் பேசாத ஆசாமி இரண்டு வீட்டுக்கு நடுவே ரகசியமாகத் தூது போகிறான் என்று தெரிந்த மாதிரி இருந்தது.

அண்ணனுக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அவன் காலை நாஸ்தாவுக்கு உட்கார்ந்திருந்தான்.

"கண்ணுக்குத் தெரியாதுண்ணா. கையில மாட்டாது. இந்தப் பக்கம் பூமிக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிடும். ஒண்ணும் தடுக்காது."

"கஸ்டம்ஸ்லகூட மாட்டாதா?"

"மாட்டாது."

"கில்லாடிதான்" என்றான் உண்மையான மரியாதையோடு. "சரி, அது ஒண்ணா போவுமா?"

"ஒண்ணு மட்டும் போய் வந்தா கணக்கு உதைக்கும்ணா. எலெக்ட்ரான் எலெக்ட்ரானாவே இருக்காது. அதனால நியூட்ரினோ ஒண்ணு, அதோட எதிர்த்துகள் ஒண்ணு, எப்பவும் ஜோடியாத்தான் போகும்."

ஜோடி என்றதும் அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, அம்மா பார்ப்பதற்குள் மறைந்தது. எனக்குத் தெரியும் ஏன் என்று. வியாசர்பாடி மைதானத்துக்குக் கால்பந்து ஆடப் போகிற இடத்தில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. இரண்டு வருஷமாக. அம்மாவுக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம், தங்கை வீட்டில் இருக்கும்போது அண்ணனுக்கு முடிக்க மாட்டார்கள். "பொண்ணு வூட்ல கீறச்சொல்லோ புள்ளைக்கு மாலையா? ஊரு காறித் துப்பும்" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். எனக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

விடியற்காலையில் அம்மா கூடையோடு கிளம்பியதும் நான் உட்காருவேன். துறைமுகத்தில் கழித்துப்போட்ட சரக்குப் பட்டியல் தாள்களை அண்ணன் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவான். முன்பக்கம் எத்தனை மூட்டை, எத்தனை பீப்பாய் என்று இருக்கும். பின்பக்கம் என் எழுத்து. இப்போது அந்தத் தாள்கள் இருந்தால், வரலாற்று ஆசிரியர்கள் என்னைக் கடத்தல்காரி என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

முதலில் பழக்கத்துக்காக, ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கைப் போட்டேன். மின்சுமை இல்லாத இரண்டு அணுக்கள் தங்களுக்குள் இரண்டு ஒளித்துகள்களைப் பரிமாறிக்கொள்ளும்போது வருகிற விசை. அதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஒளித்துகள்களும் அச்சாக ஒன்றே. இடம் மாற்றி வைத்தாலும் அதே படம்தான். ஆகவே ஒரே படத்தை இரண்டு முறை எண்ணிவிடுகிறோம். அதைச் சரிசெய்யப் பாதியாக்க வேண்டும். பாதியாக்கினேன், புத்தகத்தில் இருந்த விடை வந்தது. அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் கொண்டாடலாம் என்றேன். அம்மா மலிவான பொடிமீன் காரப்பொடிதான் கொடுத்தாள்.

பிறகு அதே வழியில் நியூட்ரினோ ஜோடிக்குப் போனேன். எத்தனையோ தாள்கள் பாழாயின. ஒரு நாள் காலை, பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் அடியில் தொலைவின் ஐந்தாம் படி தானாக வந்து நின்றது. ஆற்றல் ஐந்தாம் படியில் குறைகிறது என்றால் விசை ஆறாம் படியில் குறையும். தொலைவை இரண்டு மடங்காக்கினால் ஈர்ப்பு விசை கால் பங்காகும். இது அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். பாவம், அற்ப உயிர். ஆனால் எங்கேயும் முழுசாகச் சாகவில்லை! அணுக்கருவுக்குள் இருக்கிற விசைகள் கொஞ்ச தூரத்திலேயே மூச்சடங்கிப் படுத்துவிடும். இது மெலிந்து மெலிந்து, ஆனால் விடாமல், போய்க்கொண்டே இருக்கிறது. நியூட்ரினோவுக்கு நிறை இல்லை என்று நாங்கள் நம்பிய காலம் அது, அதனால் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. கூடவே குறியும் வந்தது: இரண்டு எலெக்ட்ரான்களையும் அது விலக்குகிறது, இழுக்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் பால்காரர் செம்பைக் கீழே போட்டார்.

"இன்னா கெடச்சிச்சி?" என்று அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தான்.

"விசை! ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளுதுண்ணா!"

"அத கண்டுபுடிக்கவா இம்மா நாளு? நம்ம வூட்ல தெனமும் அதான நடக்குது" என்று மறுபடி படுத்துக்கொண்டான்.

இனி அந்த விசை எவ்வளவு வலிமையானது என்று சொல்லும் எண் ஒன்றுதான் மிச்சம். அதையும் போட்டேன். பாதியாக்கும் இடம் வந்தது. கை நிற்கவே இல்லை, பாதியாக்கியது. ஒளித்துகள் கணக்கில் செய்தோமே, இங்கேயும் போவது இரண்டுதானே என்று மனசு சொன்னது. அதை ஒரு நொடிகூடச் சந்தேகப்படாததற்குக் காரணம் படிப்பு மட்டுமல்ல, எங்கள் சந்து. பீரோவோ, படகோ, தண்ணீர்ப் பீப்பாயோ எதைத் தூக்கினாலும் "ரெண்டு கயிறு போட்டா பாரம் பாதி" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு போகிறது என்றால் பாதி. மயிலாப்பூரில் பிறந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

அதற்குள் பேசும் நாள் நெருங்கிவிட்டது. திங்கட்கிழமை. வெள்ளியன்று அண்ணன் வேலைக்குப் போய்விட்டு ஓட்டமாக வந்தான்.

"பாப்பா, வெளியில ஒரு கப்பலு நங்கூரம் போட்டுகினு கீது. அதுல தபால் மூட்ட கீதாம். நாளைக்கு உள்ள வருது."

நான் தாள்களை அவசரமாக அடுக்கத் தொடங்கினேன்.

"வேணும்னா சொல்லு, கயிறு சிக்கிகிச்சின்னு மூணு நாளு அங்கயே குந்த வெக்கறேன்."

"அந்தப் பாவம் எனக்கு வேணாம்ணா! ஊர்ப்பட்ட ஜனம் அதுல கடுதாசி பாத்துக்கினு இருக்கும்."

"சும்மா டபாய்ச்சேன்மே" என்று சிரித்தான். சனிக்கிழமை அந்த மூட்டைகள் ஒழுங்காக இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடிக்கு ஒரு பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டியை ஏற்ற வேண்டியிருந்தது. படி வழியாகப் போகாது. அண்ணனும் துறைமுகத் தோஸ்துகள் ஆறேழு பேரும் வந்து, கப்பலில் செய்கிற முறையிலேயே ஏற்றுவதாகச் சொன்னார்கள். தெருப்பக்கம் ஒரு கம்பம் நட்டார்கள், மாடியின் மேல் ஒரு கம்பம். இரண்டிலும் கப்பி மாட்டி, இரண்டு கயிற்றையும் தொட்டியின் தலையில் ஒரே கொக்கியில் சேர்த்துக் கட்டினார்கள். சந்தில் இருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்தாயிற்று. மறுநாள் பேச வேண்டிய நானும் படிக்கிறதை விட்டுவிட்டு அங்கேதான் நின்றேன்.

அண்ணன் தெருப்பக்கத்துக் கயிற்றுக்காரர்களோடு நின்றான். அவன் பிகில் அடித்ததும் அவர்கள் இழுத்தார்கள். தொட்டி நேராக மேலே ஏறியது. மாடிக்காரர்கள் தங்கள் கயிற்றின் தொய்வை மட்டும் சுருட்டினார்களே தவிர இழுக்கவில்லை. தொட்டி மாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உயர்ந்ததும் அண்ணன் கையைக் காட்டினான். இப்போது மாடிக்காரர்கள் இழுத்தார்கள்; அண்ணன் பக்கத்தார் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். தொட்டி யாரும் தொடாமல் அந்தரத்தில் பக்கவாட்டில் நகர்ந்து மாடிக்கு மேல் போனது. "அரியா, அரியா" என்று கத்தினான் அண்ணன். இறக்கு என்பதற்குத் துறைமுகத்தில் அதுதான் வார்த்தை. தொட்டி பூப்போல் உட்கார்ந்தது. குழந்தைகள் கை தட்டினார்கள்.

நான் அவன் பக்கத்தில் போய்ச் சும்மாதான் சொன்னேன்: "ரெண்டு கயிறு இருக்கறதால ஆளுக்குப் பாதி பாரம், சுலுவாப் போச்சு, இல்ல?"

அண்ணன் என்னை ஏதோ அசிங்கத்தைச் சொல்லிவிட்டவள் போலப் பார்த்தான்.

"பாதியா? எவன் சொன்னது? நடுவுல அந்தரத்துல நிக்கச்சொல்லோ ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்துக்கு மேலகூட வலிக்கும். பாதின்னு நெனச்சவன் கயிறு அறுந்து செத்தான்."

"ரெண்டும் சேர்ந்துதானே தூக்குது?"

"சேந்துதான் கீது, ஆனா ரெண்டும் ஒரே வேலயா? நான் இழுக்கச்சொல்லோ அவன் விடறான், அவன் இழுக்கச்சொல்லோ நான் விடறேன். நாங்க எடம் மாறி நின்னா தொட்டி இங்க வந்து குந்துமே, உன் தலயில!"

நான் அங்கேயே நின்றேன். இடம் மாறி நின்றால் அதே படம் இல்லை. நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒளித்துகள்கள் மாதிரி அச்சாக ஒன்று அல்லவே. ஒன்று ஒன்றின் எதிர். இடம் மாற்றினால் வேறு படம். ஒரே படத்தை இரண்டு முறை எண்ணும் பேச்சே இங்கே கிடையாது. அப்படியானால் அந்தப் பாதி?

"ஐயோ!" என்று கத்திவிட்டு ஓடினேன். பின்னால் அண்ணன் "இன்னாமே ஆச்சி? தொட்டி சாயுதா?" என்று பதறிக் கேட்டது காதில் விழுந்தது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாதியை எடுத்துவிடுவது ஒரு கோடு கிழிக்கிற வேலை. எடுத்தது சரி என்று எனக்கே நம்பிக்கை வர மத்தியானம் முழுக்க ஆனது. முதல் வரியிலிருந்து வேறு வழியாகப் போய்ப் பார்த்தேன். சாயங்கால மணி அடிப்பதற்குள் அதே எண் வந்தது, பாதி இல்லாமல். எனக்குச் சிரிப்பு வந்தது. பரிசுத்தமான சந்தோஷம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

திங்கட்கிழமை காலை பஸ் பிடித்துப் பாரிமுனையில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனேன். வீட்டில் அம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. எண்ணூரிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை பதில் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

இன்னொரு மாணவர் முதலில் பேசினார். அழகாகப் பேசினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு நான். மேசைக்குப் பின்னால் பேராசிரியர், பம்பாயிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், எங்கள் துறையின் மூத்தவர் ஒருவர். சுண்ணக்கட்டியை எடுத்து முதல் வரியை எழுதினேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த அறையே தெரியவில்லை. ஐந்தாம் படி வந்தது. விலக்கு விசை என்று எழுதினேன். எண்ணையும் எழுதி வட்டம் போட்டேன்.

பம்பாய்த் தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்: "இங்கே போவது இரண்டு துகள்கள். பாதி வர வேண்டாமா?" தன் தாளில் ஏதோ எழுதியிருந்தார். எழுதிய முகத்தைப் பார்த்தால், பாதி வரும் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

அந்தப் பதற்றத்தில் என் ஆங்கிலம் போயே போய்விட்டது. ராயபுரம் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே வேல செய்யல சார்! ஒண்ணு இழுக்கச்சொல்லோ ஒண்ணு விடுது. எடம் மாத்தினா வேற படம் சார், பாதி எப்படி வரும்?"

மூத்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வெட்கத்தில் குறுகி, அதையே ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பம்பாய்க்காரர் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பேராசிரியர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழுப்புக் காகித உறை, சணல் கட்டு, வெளிநாட்டுத் தபால்தலைகள்.

"இது இன்னிக்குக் காலையிலதான் நூலகத்துக்கு வந்தது. யாரும் தொடக்கூடாதுன்னு நானே வாங்கி வெச்சுக்கிட்டேன். கட்டு பிரிக்கல, பாருங்க" என்று மற்ற இருவருக்கும் காட்டினார். பிறகு சணலை அறுத்து உறையைக் கிழித்தார்.

பக்கம் தேடுகிற அந்த நேரம் எவ்வளவு இருக்கும், ஒரு நிமிஷமா? எண்ணூரின் உப்புக்காற்றுகூட மூக்கில் அடித்தது. அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, கரும்பலகையைப் பார்த்து, மறுபடி பக்கத்தைப் பார்த்து, இதழைத் திருப்பிப் பம்பாய்க்காரரிடம் தள்ளினார். அவர் படித்தார். தன் தாளில் எழுதியிருந்ததை அடித்தார். எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து எனக்குக் கை கொடுத்தார். பாதி இல்லை!

"இந்த விசையை அளக்க முடியுமா?" என்று மட்டும் மூத்தவர் கேட்டார்.

"முடியாது சார். என் ஆயுசுல முடியாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா இருக்கு சார்" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. மூவரும் சிரித்தார்கள். இடம் எனக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். ஐந்து வருஷம்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். சந்து முனையிலேயே அண்ணன் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு பிகில் அடித்தான். கோயில் புறாக்கள் எல்லாம் பறந்தன. "எங்க தங்கச்சி ஜெயிச்சிகினு வந்திடுச்சி மாமு!" என்று எதிரே வந்த ஐஸ் வண்டிக்காரரிடம் சொன்னான். அவருக்கு என்ன ஏது என்று தெரியாது, ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

வீட்டில் எண்ணூர் அத்தை பூவும் பழமும் வைத்த தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அம்மா ஒரு நிமிஷம் கழுவுவதை நிறுத்தினாள். பிறகு கழுவினாள்.

"அது இன்னாத்துக்கு ஆவும், நீ கண்டுபுடிச்சது?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணுத்துக்கும் ஆகாது, அத்தை. ரொம்பச் சின்னது."

"இதுக்கா கல்யாணத்த வேணாங்கற?"

"கப்பலேறி வந்த புஸ்தகமே ஒத்துக்கினு போச்சி" என்றாள் அம்மா நிமிராமல். "உனுக்கு இன்னாக்கா வந்திச்சி?"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் அண்ணனைப் பார்த்து நின்றார். "அஞ்சு வருசமா? அப்போ உன் கதி? வியாசர்பாடிக்காரிக்குத் தல நரைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரே தெரிந்து வைத்திருந்தது. எனக்குத் தலையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. மூன்று மாதமாக எதை எதையோ எண்ணினேன், என் கணக்கில் அண்ணன் இல்லவே இல்லை. நான் தோற்றிருந்தால் அவனுக்கு இந்த மாதமே வழி பிறந்திருக்கும். ஜெயிக்க வைத்ததே அவன்தான்.

"அண்ணா, நான் போய் வேணாம்னு சொல்லிடறேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவனுக்கு வந்ததே கோபம். "செவுளு பிஞ்சிடும். நீ ஜெயிச்சா நான் காத்துகினு கெடக்கணும்னு எனுக்குத் தெரியாதா? முந்தாநேத்தே அவகிட்ட சொல்ட்டேன். உன் தங்கச்சி மொதல்ல ஜெயிக்கட்டும்னா. அவ வெயிட் பண்ணுவா."

"எம்மா நாளு?" என்று அம்மா கேட்டாள்.

"அஞ்சு வருசம்."

"அவ அம்மாக்காரி ஒத்துக்கினாளா?"

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினான். தரையைப் பார்த்தான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அப்பா இறந்தபோதுதான், இது இரண்டாவது.

அம்மா மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். "பொண்ணு வூட்ல கீறச்சொல்லோ புள்ளைக்குப் பண்ணா ஊரு காறித் துப்பும்னு நான்தான் சொன்னேன்" என்றாள். "துப்பட்டும், தொடச்சிக்கலாம். கெளம்புடா, அந்த வெள்ளச் சட்டய மாட்டு. இருட்றதுக்குள்ள வியாசர்பாடிக்குப் போய்ப் பொண்ணு கேட்டுட்டு வந்துடலாம்."

அண்ணன் அசையாமல் நின்றான். அம்மா கொண்டையை முடிந்துகொண்டு, மீன் வாசம் போக சீயக்காய் போட்டுக் கையைத் தேய்க்கத் தொடங்கினாள். நான் அவன் சட்டைக்கு இஸ்திரி போட அடுப்பிலிருந்து கரி அள்ள ஓடினேன்.